பரணில் கிடந்த மழை

அத்தியாயம் 14

“எல்லாத்தையும் அழிச்சுட்டேன்க்கா” என்று தம்பி சொன்ன இடத்தில் போன வாரம் கதவைச் சாத்தினோம். இன்று திறந்தால் அதே அறை, அதே காலை, மணி பத்தேகால். சொன்னவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கேட்டவள் திறந்த வாயை இன்னும் மூடவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. அப்பா போய்ப் பத்து மாதம் ஆகிறது. கல்லூரிக் கணினி மையத்தில் முப்பது வருஷம் இருந்தவர். வீட்டு மாடியில் புனல் வைத்த சீசா ஒன்றை நிறுத்தி, தினமும் காலை எட்டு மணிக்கு மழையை அளந்து எழுதியவர். அந்த மழையை வைத்துத்தான் அக்கா ஆய்வேடு எழுதியிருக்கிறாள்.

நேற்றுத் தேர்வாளர் அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு குறிப்பிட்ட வருஷத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாத அளவுகளும் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிகின்றனவாம். மழை அப்படி ஒழுங்காகப் பெய்யாதாம். யாரோ உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதியது போலத் தெரிகிறதாம். மூலக்குறிப்பு இன்று மாலை நாலு மணிக்குள் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும்.

ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்தால் ஆய்வேட்டில் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான். அதைவிடப் பெரிய அடி ஒன்று அந்தக் கடிதத்தில் ஒளிந்திருந்தது. அப்பா பொய் எழுதினார் என்று ஒருத்தி மரியாதையான மொழியில் சொல்லியிருக்கிறாள்.

அப்பாவின் மூலக்குறிப்பு இருந்த இடம் இந்த அறையிலுள்ள பழைய கணினிப் பெட்டி. அதைத்தான் தம்பி, தன் ஸ்டூடியோப் படங்களைப் போட இடம் வேண்டும் என்று போன மாதம் துடைத்து வைத்திருக்கிறான்.

“எப்படிடா அழிச்சே?” என்றாள் அக்கா.

“அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரிதான். கறுப்புத் திரையில அப்பா பேர்ல நுழைஞ்சு, ஆர்.எம். போட்டு, மழைன்னு அடிச்சேன். போச்சு.”

“ஒரு வார்த்த கேட்டியா?”

“நீதான் பட்டியல் முழுசா உங்கிட்ட இருக்குன்னியே. நான் என்னத்தக் கண்டேன், ஒரு அம்மா வந்து கடைசி இலக்கத்தையெல்லாம் எண்ணிப் பார்ப்பாங்கன்னு.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்பா கடைசியாகத் தொகுத்துக் கொடுத்த பட்டியல் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் தொகுத்த பட்டியல் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்த சரக்கு. தேர்வாளர் கேட்பது மூட்டையை.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே கறுப்புத் திரை, அதில் பச்சை எழுத்து, ஒரு கட்டம் மின்னி மின்னி மறைந்தது. எட்டு வயதில் இந்தக் கட்டம் மூச்சு விடுகிறது என்று நம்பியவள் அவள்.

அந்த நாளில் மற்ற வீடுகளில் கணினி என்றால் வண்ணப் படமும் சீட்டு விளையாட்டும். இந்த வீட்டில் அப்பா ஏதோ பத்திரிகையோடு வந்த வட்டிலிருந்து இலவச லினக்ஸை ஏற்றினார். “மத்தவன் பெட்டிய மூடி விக்கிறான். இவன் மூடியத் தொறந்து, உள்ள பாத்துக்கோங்கறான். எவன்கிட்ட வாங்குவே?” என்று கேட்டார். கேள்வி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தோழிகள் வீட்டுக்கு வரும்போது அவள் அந்தத் திரையின் மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

வீட்டில் நாலு பேருக்கும் தனித்தனி நுழைவுப் பெயர், தனித்தனிக் கடவுச்சொல். தமிழ் எழுத்து அப்போது அந்தத் திரையில் வராது. ஆங்கில எழுத்தை வைத்தே தமிழில் எழுதிக்கொண்டார்கள். மளிகைச் சாமான் ஒரு கோப்பு. மாடிச் சாவி யாரிடம் என்பது ஒரு கோப்பு. “என் கம்பாஸ் எங்கப்பா?” என்று கேட்டால் அப்பா தலையைத் திருப்பாமல், “கிரெப் போட்டுப் பாரு” என்பார். கிரெப் என்பது சொல்லைக் கொடுத்தால் அது எந்தக் கோப்பில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடித் தரும் கட்டளை. கம்பாஸ் அதில் கிடைத்ததில்லை. ஆனால் கம்பாஸைத் தொலைத்த தேதிகள் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும்.

அப்படிச் சலித்துக்கொண்டவள்தான் இன்று தன் ஆய்வேட்டை அதே கறுப்புத் திரையில் எழுதுகிறாள். வெறும் எழுத்துக் கோப்புகள். ‘மேக்’ என்று ஒரு சொல் அடித்தால் முந்நூறு பக்கமும் அடிக்குறிப்போடும் நூற்பட்டியலோடும் அச்சுக்குத் தயாராக வந்து நிற்கும். துறையில் எல்லாரும் சிரித்தார்கள். போன மாதம் அவர்களில் இரண்டு பேருடைய ஆய்வேடு, படத்தை ஒரு விரற்கடை நகர்த்தியதில் நாற்பது பக்கம் கலைந்துபோனது. அன்றிலிருந்து சிரிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

“ஆனா ஒண்ணுக்கா” என்றான் தம்பி. “அழிச்சும் எடம் வரல.”

“என்ன?”

“அத்தன அழிச்சேன். டிஸ்க்குல எடம் ஒரு இம்மி கூடல. பழைய பெட்டி, அதுக்கே புத்தி தடுமாறுதுன்னு வேற டிஸ்க் வாங்கிப் போட்டுக்கிட்டேன்.”

அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். வீட்டில் இருக்கும் ஒரே கெட்டிக்காரன் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவன், கையில் கிடைத்த வைரத்தைக் கூழாங்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“சாமானத் தூக்கிப் போட்டா எடம் காலியாகணுமா இல்லையா?”

“ஆகணும்.”

“ஆகலேன்னா?”

தம்பி யோசித்தான். “தூக்கிப் போடலன்னு அர்த்தம்.”

அவள் கை விசைப்பலகைக்குப் போனது. ஆர்.எம். என்ற அழிக்கும் கட்டளை உண்மையில் எங்கே இருக்கிறது என்று பெட்டியிடமே கேட்டாள். வழக்கமான இடத்தைச் சொல்லவில்லை. அப்பா தன் கைவேலைகளை வைத்திருக்கும் அடைவை, ஃபோல்டர் என்கிறோமே அதை, சொன்னது. அதைத் திறந்தாள். மொத்தம் ஆறு வரி. முதல் வரி கட்டளையில்லை, அப்பாவின் குறிப்பு. ஆங்கில எழுத்தில், தமிழில்:

‘இந்த வீட்டில் எதையும் எறிவதில்லை. பரணில் போடுகிறோம்.’

மீதி ஐந்து வரியும் அதைத்தான் செய்தன. யார் எதை அழித்தாலும் அதை அழிக்காமல், சத்தம் போடாமல், ‘பரண்’ என்ற அடைவுக்குள் அழித்தவர் பெயரில் கொண்டுபோய் வைத்தன. இருபத்தைந்து வருஷமாக அந்தக் குடும்பம் ஆத்திரத்தில், வெட்கத்தில், அவசரத்தில் அழித்ததெல்லாம் அங்கே தூசு படாமல் உட்கார்ந்திருந்தது. மூன்று தடவை பெட்டி மாறியபோதும் பரணையும் சேர்த்தே அப்பா மாற்றியிருக்கிறார்.

தம்பியின் முகம் வெளுத்தது. “எல்லாமேவா?”

“எல்லாமே.”

“பதினாறு வயசுல நான் எழுதினதெல்லாம்?”

“உன் பேர்லயே ஒரு அடைவு இருக்கு. நூத்திப் பதினோரு கோப்பு.”

“அக்கா, மழைய மட்டும் தேடு. அப்பா ஆத்மா சாந்தியடையட்டும். என் அடைவத் தொடாதே.”

அப்பா பெயரிலிருந்த அடைவில் மழை கிடைத்தது. அப்பாவின் குறிப்புகள், வருஷத்துக்கு ஒரு கோப்பு, எல்லாம் அப்படியே. அவள் அந்தக் குறிப்பிட்ட வருஷத்தைத் திறந்து கீழே இறங்கினாள். ஏப்ரல். மே. மே முப்பத்தொன்று. அடுத்த வரி அக்டோபர் ஒன்று.

நடுவில் நாலு மாதம் காணோம்.

தம்பி வாயைத் திறந்து, நல்ல காலம், மூடிக்கொண்டான்.

அப்படியென்றால் பட்டியலில் இருக்கும் அந்த நாலு மாதத்தை அப்பா எங்கிருந்து எடுத்தார்? தேர்வாளர் சொன்னதுதான் உண்மையா? அக்காவுக்கு அந்த நாலு மாதம் ஞாபகம் இருந்தது. அப்பா வெளியூரில் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்ன மாதங்கள். ஊரில் இல்லாதவர் மாடி மழையை எப்படி அளப்பார்?

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அந்த வருஷத்தின் எண்ணைக் கொடுத்து, பரண் முழுவதையும் தேடச் சொல்லி கிரெப் போட்டாள்.

வரிகள் மழை மாதிரியே கொட்டின; ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதற்குள் மதியம் இரண்டு தாண்டிவிட்டது. அந்த வருஷத்து மளிகைப் பட்டியல். அந்த வருஷத்துப் பள்ளி அட்டவணை. நடுவில் அவள் பெயரிலேயே ஒரு கோப்பு. ‘அப்பா, நீ எப்ப வருவே, என் பல் விழுந்துடுச்சு.’ எட்டு வயதில் தட்டியது. அம்மா பார்த்துவிடுவாள் என்று பயந்து அன்றே அழித்தது. அழித்ததே இந்த நிமிஷம் வரை மறந்துபோயிருந்தது. அவள் கண்ணை ஒரு தடவை அழுத்தித் துடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. ‘பரண், அம்மா, மழை: அனுமதி இல்லை.’

“அம்மாவா?” என்றான் தம்பி. “அம்மாக்கு இங்க என்ன வேல?”

“நல்லாத்தான் கேக்கறே. உங்கப்பாவுக்கு முன்னாடி வேகமா தட்டினவ நான்தான்.”

வாசலில் அம்மா. கையில் துவைத்து மடித்த துணி. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் தட்டச்சு செய்தவள். அப்பா போனதிலிருந்து இந்த அறைக்குள் காலை வைக்கவில்லை. இன்றும் வாசற்படிக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள்.

“ம்மா, மழைன்னு ஒரு கோப்பு உன் பேர்ல இருக்கு. உன்னத் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கே.”

“இருக்க முடியாது. அத நான் அழிச்சுட்டேன்.”

“இந்த வீட்ல யாரும் எதையும் அழிக்கலம்மா” என்றான் தம்பி, அன்று முதல் முறையாக உண்மையான வருத்தத்தோடு. “நான் ரூட்ல போய்த் தொறக்கட்டுமா? ரெண்டு செகண்டு.”

ரூட் என்பது வீட்டுக்கார அதிகாரம். எல்லாப் பூட்டுக்கும் அதில் சாவி உண்டு. அம்மா அவனைப் பார்த்த பார்வையில் அந்த இரண்டு செகண்டும் கருகிப்போயின.

“ம்மா” என்றாள் அக்கா. “நாலு மணிக்குள்ள அது வேணும். இல்லேன்னா அப்பா இல்லாத மழைய எழுதினார்னு ஆயிடும்.”

அம்மா துணியை எட்டிக் கட்டிலில் வைத்தாள். படியைத் தாண்டினாள். மகளை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கடவுச்சொல்லை அடித்தாள். தவறு என்றது. “கேப்ஸ் லாக்கப் பாருங்க” என்று தம்பி முணுமுணுத்தான். அணைத்துவிட்டு மறுபடி அடித்தாள், விசைகளைப் பார்க்காமல். திறந்தது.

“அவர் போனது பயிற்சிக்கில்ல” என்றாள் திரையைப் பார்த்தபடி. “போன மறுநாள் மாடிக்குப் போனேன். சீசால தண்ணி. அந்தாளு மேல இருக்கற கோவத்த மழை மேல காட்டி என்ன செய்ய? அளந்தேன். அளக்கற கண்ணாடிக் குழாய் கை தவறி ஒடைஞ்சுது. அப்பறம் இவனோட மருந்துக் குப்பிலதான் தினமும்.”

“என்னோட மருந்துக் குப்பியா?”

“ஒன்ற வயசு ஒனக்கு. எப்பப் பாத்தாலும் சளி. பிளாஸ்டிக் குப்பி. அஞ்சு, பத்து, பதினஞ்சுன்னு கோடு போட்டிருக்கும்.”

அஞ்சு, பத்து, பதினைந்து. குப்பியில் கோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அம்மாவுக்கு மழை.

“அத எழுதியிருக்கியா? குப்பில அளந்தேன்னு?”

“மொத நாள்ல எழுதியிருப்பேன்.”

அவசரம் மனுஷரை எப்படியெல்லாம் ஆட்டிவைக்கிறது பாருங்கள். முதல் வரியை மட்டும் காட்டு என்று கேட்க வேண்டியவள், குனிந்து வெறும் ‘ஹெட்’ என்று அடித்துவிட்டாள். எண் சொல்லாவிட்டால் அந்தக் கட்டளை பத்து வரியைக் காட்டும். காட்டியது. ஒவ்வொரு வரியிலும் மூன்று பத்தி: தேதி, அளவு, அப்புறம் ஒரு வாக்கியம்.

முதல் வரி: பத்து. ‘கண்ணாடிக் குழாய் உடைந்தது. இனிமேல் சின்னவன் மருந்துக் குப்பி.’

நாலாவது வரி: பதினைந்து. ‘இன்றைக்கும் போன் இல்லை. பெரியவள் கேட்கிறாள்.’

ஆறாவது வரிக்குக் கண் போவதற்குள் அம்மாவின் உள்ளங்கை திரையை மூடிவிட்டது.

“எண்ண மட்டும் வெட்டி எடுத்துக்கோ.”

“சரிம்மா.”

“மொத வரி முழுசா போகட்டும். மத்ததுல ரெண்டு பத்தி. ‘கட்’ல வரும்.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சவதான் பத்து வரியக் கொட்டினியா?”

தம்பி சிரிப்பை இருமலாக மாற்றினான். சளிக்காரன் என்று இப்போதுதான் நிரூபணமாகியிருந்ததால் அது எடுபட்டது.

அனுப்புவதற்கு முன் அக்கா நாட்களைச் சரிபார்க்க நினைத்தாள். “மொத்தம் எத்தன நாளும்மா எழுதினே?”

“ஜூன் ஒண்ணுலேந்து செப்டம்பர் கடைசி வரைக்கும். நூத்தி இருபத்தி ரெண்டு. ஒரு நாள் விடல. அவர் திரும்பி வந்த அன்னிக்குக் காலைல, வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டதும் அழிச்சேன். படிக்கக் கூடாதுன்னு.”

வரிகளை எண்ணும் கட்டளையை அக்கா அடித்தாள். பெட்டி எண்ணிச் சொன்னது.

நூற்று இருபத்து மூன்று.

மூன்று பேரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள்.

“ஒண்ணு கூட வருதே” என்றாள் அம்மா.

அக்கா கோப்பின் தேதியைக் கேட்டாள். கடைசியாகத் திருத்தியது அக்டோபர் மூன்று. அம்மா அழித்து மூன்று நாள் கழித்து.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அந்த நாலு மாதம் அப்பாவின் பட்டியலில் எப்படி வந்தது என்று காலையிலிருந்து குழம்பியவள், பதிலை மூன்று வருஷமாகத் தன் ஐந்தாம் அத்தியாயத்திலேயே வைத்திருந்தாள். அம்மாவின் எண்கள் அப்பாவின் பட்டியலில் இருக்கின்றன. எண்களை எடுக்க வேண்டுமானால் கோப்பைத் திறக்க வேண்டும்; ரூட் சாவி அவரிடம்தான் இருந்தது. திறந்தால், மூன்றாவது பத்தி கண்ணில் படாமல் போகாது.

“ம்மா” என்றாள் மெதுவாக. “அப்பா இதப் படிச்சிருக்கார். அடியில ஒரு வரி எழுதியும் வச்சிருக்கார்.”

இருபத்து நாலு வருஷமாக ஒரு மனுஷரிடம் ஒன்றை மறைத்து வைத்தோம் என்று நம்பிக் குடித்தனம் நடத்தியவள், அந்த இருபத்து நாலு வருஷத்தையும் ஒரே மூச்சில் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மழைநாளிலும் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, கேட்காமலேயே அவளிடம் அளவைச் சொன்னது ஏன் என்று அவள் யோசித்தது கிடையாது. பழக்கம் என்று விட்டிருந்தாள்.

“கடைசி வரிய மட்டும் போட்டுப் பாத்துடலாமா?” தம்பி கையை நீட்டினான். “டெயில் ஒண்ணு.”

“மணி என்ன?”

“ரெண்டே முக்கால்.”

“மொதல்ல அவ வேலைய முடி. எழுதினது நூத்தி இருபத்தி ரெண்டு நாள். அத மட்டும் அனுப்பு.”

அக்கா அனுப்பினாள். முதல் வரி முழுசாக, மற்ற நூற்று இருபத்தொன்றும் தேதியும் எண்ணும் மட்டும். கூடவே நாலு வாக்கியம்: அளந்தது என் தாய்; உடைந்தது கண்ணாடிக் குழாய்; அளவுகோல் ஒரு குழந்தையின் மருந்துக் குப்பி, அதில் கோடு ஐந்துக்கு ஒன்று; இயற்கை அல்ல, குப்பிதான் அப்படி ஐந்தைந்தாகப் பெய்தது.

காத்திருந்தார்கள். தம்பி போய்த் தன் நூற்றுப் பதினோரு கோப்பை நிஜமாகவே அழிக்கும் வழியை அக்காவிடம் ரகசியமாகக் கேட்டான். அவள் சொல்ல மறுத்தாள். அம்மா துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பதில் வந்தது. அக்கா சத்தமாகப் படித்தாள்.

“‘நாற்பது வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு விளக்கம் வந்ததில்லை. குப்பியின் பிழை எல்லையை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். ஐந்தாம் அத்தியாயம் இருக்கட்டும். நன்றியுரையில் உங்கள் தாயார் பெயருக்குப் பக்கத்தில், அளந்தவர் என்று சேர்க்க வேண்டும்.’”

“சேக்கணுமாம்மா?” என்றான் தம்பி.

“அந்தம்மா சொன்னா சேத்துக்கோங்க” என்றாள் அம்மா, ஏதோ வேண்டாத சாமானை வற்புறுத்தலுக்காக வாங்கிக்கொள்வது போல. ஆனால் மடித்த துணியைத் தலைகீழாக வைத்தாள்.

தம்பியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “இப்பவாவது அந்தக் கடைசி வரி.”

“நீ போய் ஸ்டூடியோவத் தொற.”

“ம்மா, ஒரே ஒரு வரி.”

“இருபத்தி நாலு வருஷம் காத்துக் கெடந்த வரி, நான் கண்ணாடியத் தொடைக்கற வரைக்கும் காத்துக்கெடக்கும். போ. நீயும்தான் பெரியவளே.”

அக்கா தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவு சாத்தவில்லை, ஒருக்களித்துத்தான் இருந்தது. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். முந்தானையில் மூக்குக்கண்ணாடி துடைபடும் நேரம்.

அப்புறம் விசைகள். தட்டச்சுக்காரியின் கை, ஒரே சீராக. ‘டெயில்’, ஆங்கிலத்தில் நாலு தட்டு. ஒரு இடைவெளி. கோடும் எண்ணும், இரண்டு தட்டு. மறுபடி இடைவெளி. கோப்பின் பெயர், ஆறு தட்டு.

தம்பி அக்காவின் காதருகில் குனிந்தான். “எண்டர் அடிச்சாங்களா?”

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

மாடியில் புனல் வைத்த சீசாவில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழ ஆரம்பித்திருந்தது. எண்டர் சத்தம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.